தொட்டி தொட்டிலான கதை

(பொன்விழா ஆண்டில், திருவருகைக் கால முதல் ஞாயிறு மாலை நடைபெற்ற பங்குக் குடும்பங்களின் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இன்று காலைத் திருப்பலியில் திருவருகைக் கால வளையத்தின் முதல் மெழுகுதிரியை ஏற்றினோம். அந்த வளையம் எங்கிருந்து வந்தது என்று உங்களில் யாராவது எண்ணிப் பார்த்ததுண்டா? 1839-ஆம் ஆண்டு ஜெர்மனி நாட்டின் ஹாம்பர்க் நகரில் யோகான் ஹின்ரிக் விகெர்ன் என்ற லூத்தரன் சபைப் போதகர், ஆதரவற்ற பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் நடத்தி வந்தார். கிறிஸ்துமஸ் எப்போது வரும், எப்போது வரும் என்று பிள்ளைகள் அவரை நச்சரித்தார்கள். அவர் ஒரு பழைய மாட்டுவண்டிச் சக்கரம் போன்ற மரச் சக்கரத்தை எடுத்து, வார நாள்களுக்குச் சிறு மெழுகுதிரிகளும் ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய மெழுகுதிரிகளும் அதில் பொருத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றச் செய்தார். பிள்ளைகள் எண்ணவும் கற்றுக்கொண்டார்கள், காத்திருக்கவும் கற்றுக்கொண்டார்கள். இன்று உலகமெங்கும் பீடத்தருகே இடம் பெற்றிருக்கும் அந்த அழகிய வளையத்தின் முன்னோர், ஓடிக் களைத்த ஒரு வண்டிச் சக்கரம்!

கிறிஸ்துமஸுக்கு வீட்டை எப்படி அலங்கரிப்பது என்று பேசும்படி தாய்மார் சங்கத்தினர் என்னிடம் கேட்டார்கள். "சாமி, கடையில் என்ன வாங்கலாம் என்று ஒரு பட்டியல் கொடுத்தால் போதும்" என்றார்கள். பட்டியல் தருகிறேன். ஆனால் அதில் கடையில் வாங்க வேண்டியது அநேகமாக ஒன்றுமே இராது. உங்கள் பரண்மேல் இருப்பதும், கட்டிலுக்கடியில் இருப்பதும்தான் அந்தப் பட்டியல்.

முதலில் பெத்லகேமுக்குப் போவோம். தூய லூக்கா தம் நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு பொருளை மூன்று முறை குறிப்பிடுகிறார். அது விண்மீன் அன்று. விண்மீனைச் சொல்கிறவர் மத்தேயு. லூக்கா மூன்று முறை சொல்வது தீவனத் தொட்டியை. மரியா பிள்ளையைத் துணிகளில் பொதிந்து அதில் கிடத்தினார் என்கிறார். இடையர்களுக்கு வானதூதர் கொடுத்த அடையாளமும் அதுவே. அவர்கள் விரைந்து சென்று கண்டதும் அதையே. மாடு தின்று மிச்சம் வைத்த தொட்டி அன்றிரவு ஆண்டவருக்குத் தொட்டிலானது. ஒரேயொரு எழுத்துத்தான் வேறுபாடு, பார்த்தீர்களா? முதல் கிறிஸ்துமஸுக்கு யாரும் கடைக்குப் போகவில்லை. ஏற்கெனவே இருந்த ஒரு பொருள் வேறொரு பயனுக்கு வந்தது. அதை அப்படி மாற்றியது ஒரு தாயின் கை. அதைப் புனிதமாக்கியது அதில் படுத்த பிள்ளை.

அடுத்ததாக இத்தாலி நாட்டின் கிரேச்சோ என்னும் மலையூர். 1223-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் இரவு. அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் அங்கே குடில் அமைத்ததுதான் நம் குடில் வழக்கத்துக்கு வித்திட்டது என்று எல்லாரும் அறிவோம். அந்தக் குடிலில் சுரூபங்களே இல்லை என்பதைச் சிலரே அறிவோம். ஒரு தீவனத் தொட்டி, அதில் வைக்கோல், உயிருள்ள ஒரு மாடு, உயிருள்ள ஒரு கழுதை. அவ்வளவுதான்! அவ்வூர்ப் பெரியவர் ஒருவரிடம் பதினைந்து நாள் முன்னதாகச் சொல்லி, அவற்றை ஏற்பாடு செய்தார் புனிதர். ஊர் மக்கள் கையில் பந்தமும் மெழுகுதிரியும் ஏந்தி மலையேறி வந்தார்கள். அந்தத் தொட்டியருகே திருப்பலி நடந்தது. புனிதரின் வரலாற்றை முதலில் எழுதிய செலானோ ஊர்த் தோமா இவற்றையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். பண்ணையில் இருந்தவையும் தொழுவத்தில் இருந்தவையும் போதுமாயிருந்தன.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2019 டிசம்பர் 1-ஆம் நாள், திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று, அதே கிரேச்சோவுக்கு நேரில் சென்று குடிலைப் பற்றிய ஒரு திருமடலில் கையொப்பமிட்டார். வீடுகளில் குடில் கட்டும் வழக்கத்தை விட்டுவிடாதீர்கள், விட்டுப்போன இடத்தில் மீண்டும் தொடங்குங்கள் என்று அதில் ஊக்குவித்தார். எத்தனையோ விதமான பொருள்களைக் கொண்டு மக்கள் குடில் செய்வதை அவர் பாராட்டினாரேயொழிய, விலையுயர்ந்த குடிலே சிறந்தது என்று எங்கும் சொல்லவில்லை.

இனி என் சொந்த வீட்டுக் கதை. என் தந்தை ஒரு கிராமத்துத் தையற்காரர். எங்கள் வீட்டில் ஒரு தகர டிரங்குப் பெட்டி இருந்தது. டிசம்பர் பிறந்ததும் அம்மா அதைத் திறப்பார். பழைய வேட்டித் துணியில் சுற்றிய சுரூபங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். சூசையப்பருக்கு ஒரு கை உடைந்து, தீக்குச்சியும் மெழுகும் வைத்து அப்பா ஒட்டியது. ஓர் ஆட்டுக்குட்டிக்குக் கால் மூன்றுதான். அதை வைக்கோலில் படுக்க வைத்துவிடுவோம். மூன்று அரசர்களில் ஒருவர் எப்போதோ காணாமற்போய்விட்டார். அவருக்குப் பதிலாக அம்மா சிறுமியாயிருந்தபோது விளையாடிய மரப்பாச்சியை எடுத்து, வெட்டுத்துணியில் அங்கி தைத்து, சாக்லேட் தாளில் கிரீடம் வைத்து நிறுத்தினார் அப்பா. எங்களுக்கு அவர்தான் மூவரிலும் பெரிய அரசர்! ஒவ்வோர் ஆண்டும் அவருக்குப் புது அங்கி உண்டு; எங்களுக்குப் புதுத்துணி இல்லாத ஆண்டிலும் அவருக்கு உண்டு. பல ஆண்டுகளுக்குப் பின், குருமடத்தில் படிக்கும்போது, ஞானிகள் மூவர் என்று மத்தேயு எண்ணிக்கை எதுவும் கொடுக்கவில்லை என்று பேராசிரியர் விளக்கினார். அப்போதும் என் கண்முன் நின்றது அந்த மரப்பாச்சிதான்.

இத்தகைய வீட்டில் வளர்ந்த நான் பிற்காலத்தில் செய்த ஒரு தவற்றையும் உங்களிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் உபதேசம் செய்தால் அது நேர்மையாகாது.

இந்தப் பங்குக்கு வருமுன் வேறொரு பங்கில் பணியாற்றினேன். மக்களை ஊக்கப்படுத்தலாம் என்று எண்ணி, வீட்டுக்கு வீடு குடில் போட்டி அறிவித்தேன். முதற்பரிசு, இரண்டாம் பரிசு, மூன்றாம் பரிசு. கரோல் குழுவோடு நடுவர்களும் வருவார்கள், மதிப்பெண் போடுவார்கள் என்று பீடத்திலிருந்தே சொன்னேன். என்ன நடந்தது? தெருவெல்லாம் மின்விளக்குச் சரம். நகரத்திலிருந்து ஆயத்தக் குடில்கள் வந்திறங்கின. தவணைக்கு வாங்கியவர்களும் உண்டு என்று பின்னால் அறிந்தேன்.

கரோல் இரவில் ஒரு தெருவின் கடைசி வீட்டுக்கு வந்தோம். விளக்கு எரியவில்லை. "ஆள் இல்லை போலிருக்கிறது சாமி, போகலாம்" என்றார் உபதேசியார். அப்போது உள்ளேயிருந்து ஒரு குழந்தை இருமும் சத்தம் கேட்டது. உடனே யாரோ அதன் வாயைப் பொத்தியது போல் அந்தச் சத்தம் நின்றது. எங்கள் மத்தளமும் நின்றது. நாங்கள் பாடாமலே திரும்பினோம்.

மறுநாள் பூசை முடிந்து அந்தத் தாயைச் சந்தித்தேன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "எங்க வீட்ல ஒரு ஸ்டார் கூட இல்ல சாமி. மார்க் போட வர்றவங்க முன்னால வெளக்கப் போட்டு என்னத்தக் காட்டறது?"

அன்பானவர்களே, சத்திரத்தில் இடமில்லை என்று சொன்னவனை ஆண்டுதோறும் நாடகத்தில் நாம் திட்டுகிறோம். அந்த ஆண்டு அந்தச் சத்திரக்காரன் நான்தான். பாலன் பிறப்பை அறிவிக்க வந்த கூட்டத்துக்குப் பயந்து ஓர் ஏழைக் குடும்பம் இருட்டில் ஒளிந்துகொள்ளும்படி செய்தவன் நான்தான்.

அன்று மாலையே அந்த வீட்டுக்குச் சென்றேன். மன்னிப்புக் கேட்டேன். அவருடைய மூத்த மகள், ஏழெட்டு வயதிருக்கும், என் கையைப் பிடித்து அடுக்களைக் கதவுக்குப் பின்னால் அழைத்துப் போனாள். அங்கே உடைந்த முறம் ஒன்றை வளைத்துச் சுவரோடு சாய்த்திருந்தாள். அதுவே கூரை. அடியில் ஒரு பிடி வைக்கோல். பழைய நாள்காட்டியிலிருந்து வெட்டிய திருக்குடும்பப் படம், சோற்றுப் பருக்கையால் அட்டையில் ஒட்டி நிறுத்தப்பட்டிருந்தது. முன்னால் ஒரு கொட்டாங்குச்சியில் நான்கு அரிசி மணிகள். "அது எதுக்கும்மா?" என்று கேட்டேன். "மூணு ராஜாவும் வர்ற வரைக்கும் பாப்பாவுக்குப் பசிக்குமில்ல சாமி" என்றாள்.

அந்தக் குடிலுக்கு நான் மதிப்பெண் போடவில்லை. முழந்தாளிட்டேன். அந்த ஆண்டோடு போட்டியையும் நிறுத்திவிட்டேன்.

ஆகவே நம் பொன்விழா ஆண்டில் குடில் போட்டி இல்லை. குடில் சந்திப்பு உண்டு. ஒவ்வோர் அன்பியத்திலும் உள்ள எல்லா வீடுகளுக்கும் நாங்கள் வருவோம், பாடுவோம், செபிப்போம். இருப்பதை வைத்து எப்படிச் செய்யலாம் என்று இனிச் சொல்கிறேன். தாய்மார்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, மலையும் குகையும். சிமெண்டுப் பையின் உள்தாளையோ காக்கித் தாளையோ நன்றாகக் கசக்கி விரித்து, மைதாப் பசை தடவி, சலித்த செம்மண்ணைத் தூவினால் பாறை போல் அமையும். கிழிந்த சாக்கைக் களிமண் கரைசலில் தோய்த்து, கவிழ்த்த கூடையின்மேல் போர்த்திக் காயவிட்டால் குகை தயார். தெர்மோகோல் வேண்டாம். அலங்காரத்துக்கான தெர்மோகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. அது மண்ணில் மக்காது. உதிர்ந்து வாய்க்கால் வழியே போய் மாட்டின் வயிற்றிலும் மீனின் வயிற்றிலும் சேரும். குடிலில் மாட்டை வைத்து வணங்கிவிட்டு, தொழுவத்து மாட்டுக்கு நஞ்சு வைக்கலாமா?

இரண்டாவது, புல்தரை. டிசம்பர் 13 புனித லூசியா திருநாள். குரோவேஷியா, ஹங்கேரி நாடுகளின் கத்தோலிக்கர் அன்று ஒரு தட்டில் கோதுமை விதைத்து, கிறிஸ்துமஸுக்குள் வளரும் பசும்பயிரைக் குடிலருகே வைப்பார்கள். நம் தாய்மார்கள் கேழ்வரகில் செய்வதும் அதுவே. கேழ்வரகை ஓரிரவு ஊறவைத்து, ஓட்டை விழுந்த தாம்பாளத்தில் மண்ணும் மக்கிய எருவும் கலந்து பரப்பி, நெருக்கமாகத் தூவி, முளைவிடும் வரை ஈரத்துணியால் மூடி வையுங்கள். பிறகு நாள்தோறும் நீர் தெளியுங்கள். பாலன் பிறக்கும் இரவில் பச்சைப் பசேலென்று நிற்கும். விழா முடிந்ததும் ஆட்டுக்குக் கொடுக்கலாம்.

மூன்றாவது, விண்மீன். இளைஞர்களே, இது உங்களுக்கு. மூங்கில் பிளாச்சுகள் பத்து எடுத்து, ஐந்தைந்தாக இரண்டு நட்சத்திரங்கள் கட்டுங்கள். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளிலும் கட்டிவிட்டு, நடுவில் ஐந்து சிறு குச்சிகளைக் கொடுத்து உப்ப வையுங்கள். அதன்மேல் பட்டுக்காகிதம் ஒட்டலாம். அம்மாவின் நைந்த வெள்ளைச் சேலையும் போதும். அடுத்த ஆண்டு துணியை மட்டும் மாற்றினால் போதும், கூடு பல ஆண்டு உழைக்கும். தாத்தா கட்டிய கூட்டுக்குப் பேரன் காகிதம் ஒட்டுகிற வீடு பேறுபெற்ற வீடு.

நான்காவது, சிறு அலங்காரங்கள். பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்து மடல்களை நூலில் கோத்துத் தோரணமாகத் தொங்கவிடுங்கள். எழுதியவர்களில் சிலர் இன்று நம்மிடையே இல்லை; அவர்களுக்காக அன்றிரவு ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்லுங்கள். தையல் கட்டைகள், சிரட்டை, பனையோலை, கல்யாணப் பத்திரிகையின் பொன்னிறத் தாள் எல்லாமே அலங்காரம்தான். பால்பவுடர் டின்னில் ஆணியால் நட்சத்திர வடிவில் துளையிட்டு உள்ளே அகல் வைத்தால், சுவரெல்லாம் விண்மீன் விழும்.

ஐந்தாவது, உடைந்த சுரூபங்கள். பாரிஸ் சாந்தில் செய்தவற்றைத் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், கரைந்துவிடும். உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசி தட்டுங்கள். உடைந்த பாகத்தை வெள்ளைப் பசையால் ஒட்டி, இடைவெளியைச் சுண்ணத்தூளும் பசையும் குழைத்து அடையுங்கள். பழைய வண்ணத்தைச் சுரண்டாதீர்கள். அக்காலத்து வண்ணங்களில் ஈயம் கலந்திருப்பதுண்டு, அந்தத் தூள் குழந்தைகளுக்குக் கெடுதல். ஒட்டவே முடியாதவை மந்திரிக்கப்பட்ட சுரூபங்களாயிருந்தால் குப்பையில் எறியலாகாது. மரியாதையோடு தோட்டத்து மண்ணில் புதைத்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் பழையதாக வைத்துக்கொள்ள வேண்டாம். அது மின்கம்பி! பரணில் கிடக்கும் பழைய சீரியல் விளக்குகளின் மேலுறை வெடித்திருக்கும். அவை சூடும் ஏறும். பக்கத்தில் வைக்கோலும் பஞ்சும் இருந்தால் என்னவாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. குடிலுக்குள் சிறிய எல்.இ.டி. விளக்கு ஒன்று போதும். டின் விளக்கைக் குடிலுக்கு வெளியே, துணிக்கும் வைக்கோலுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். உறங்கப் போகுமுன் எல்லாவற்றையும் அணையுங்கள். சிக்கனம் வேறு, கவனக்குறைவு வேறு.

சிலர் கேட்கக்கூடும்: "சாமி, ஆண்டவருக்குப் புதியதையும் சிறந்ததையும் அல்லவா கொடுக்க வேண்டும்? கிழிந்ததையும் உடைந்ததையுமா கொடுப்பது?" நியாயமான கேள்வி. ஆண்டவருக்குக் கழிவைக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வேண்டாமென்று ஒதுக்கியதைக் கொடுப்பது வேறு. அன்போடு பாதுகாத்ததைக் கொடுப்பது வேறு. என் தந்தை மரப்பாச்சிக்குத் தைத்த அங்கி வெட்டுத்துணிதான். ஆனால் அதில் ஓர் இரவின் உழைப்பு இருந்தது. கடையில் பணம் கொடுத்துவிட்டு வந்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. பிள்ளைகளோடு உட்கார்ந்து பசை காய்ச்சினால் நான்கு மாலைப்பொழுதுகள் வேண்டும். அந்த நான்கு மாலைப்பொழுதுகளே ஆண்டவருக்கு நாம் கொடுக்கும் சிறந்தது. புதிதாக ஏதேனும் வாங்கியே தீர வேண்டுமென்றால், வாங்குங்கள். ஆனால் அது ஓர் ஏழைப் பிள்ளைக்குப் போர்வையாக இருக்கட்டும்.

நிறைவாக, நம் பொன்விழாவைப் பற்றி ஒரு வார்த்தை. லேவியர் நூலின் இருபத்தைந்தாம் அதிகாரத்தில் ஐம்பதாம் ஆண்டின் சட்டங்கள் உள்ளன. அந்த ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு, அடிமைக்கு விடுதலை, கைவிட்டுப்போன காணி உரியவனிடம் திரும்பும், ஒவ்வொருவனும் தன் குடும்பத்துக்குத் திரும்புவான். ஜுபிலி என்பது திரும்புதலின் ஆண்டு. ஜுபிலி ஆண்டில் கடன்பட்டு நட்சத்திரம் வாங்குவது அந்தச் சொல்லுக்கே முரண்.

கோயில் குடிலுக்குப் புதிதாக ஃபைபர் சுரூபங்கள் வாங்க வேண்டுமென்று விழாக் குழுவில் சிலர் விரும்பினார்கள். அவர்கள் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் நேற்றைய கூட்டத்தில் நாங்கள் ஒருமனதாக வேறொரு முடிவு செய்தோம். சக்ரீஸ்துப் பரணில் இருக்கும் பழைய சுரூபங்களையே பழுது பார்ப்போம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் உங்கள் பாட்டன்மார் கட்டிய ஓலைக் கொட்டகைக் கோயிலின் பனங்கைகள் இரண்டு, கோயில்பிள்ளை வீட்டுத் திண்ணையோரம் இன்னும் கிடக்கின்றன. அவைதான் இவ்வாண்டுக் குடிலின் தூண்கள். கூரைக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பழம்பொருள் வரட்டும்: முறமோ, ஓலைப்பெட்டியோ, கிழிந்த வலையோ, உங்கள் வீட்டில் உழைத்து ஓய்ந்த எதுவாயினும். இதனால் மிச்சமாகும் தொகை முழுவதும் வின்சென்ட் தே பவுல் சபையிடம் சேரும்; யாருக்கு, எவ்வளவு என்று அவர்கள் ஓசையின்றிப் பார்த்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. 1969-ஆம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுல் அவர்கள், உரோமை நகரச் சிறுவர்கள் தங்கள் வீட்டுக் குடிலின் பாலன் சுரூபங்களைப் புனித பேதுரு சதுக்கத்துக்குக் கொண்டுவரச் செய்து மந்திரித்தார். ஆண்டுதோறும் திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று அங்கே அவ்வழக்கம் தொடர்கிறது. நாமும் அதே ஞாயிறன்று இங்கே செய்வோம். பிள்ளைகளே, உங்கள் வீட்டுப் பாலனைக் கொண்டுவாருங்கள். விரல் உடைந்திருந்தாலும் கொண்டுவாருங்கள். சுரூபம் இல்லாதவர்கள் நாள்காட்டிப் படத்தைக் கொண்டுவாருங்கள். எல்லாவற்றுக்கும் தீர்த்தம் ஒன்றே, ஆசீர் ஒன்றே.

கரோல் இரவில் நாங்கள் உங்கள் தெருவுக்கு வருவோம். உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்க்க வரமாட்டோம். ஆகவே ஒரேயொரு வேண்டுகோள். எந்த வீட்டிலும் விளக்கை மட்டும் அணைத்துவிடாதீர்கள்.

பாலன் இயேசு உங்கள் இல்லங்களை நிறைவாக ஆசீர்வதிப்பாராக! மரியாயே வாழ்க!